குழந்தையின் நியமமும் பெற்றோரின் வாய்மையும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் ஊர்களின் தெருக்கள் நிறைந்துவிடும். நகரங்களில் உத்தியோகம் பார்ப்போர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சொந்த ஊருக்கு வருவர். வந்த மறுநாளே, எந்தத் தலத்திற்குச் செல்வது, எத்தனை பேர் செல்வது, கட்டுச்சோறு யார் வீட்டில் செய்வது என்ற பேச்சு எழும். பொன்னூர் மலை, திருமலை, மேல்சித்தாமூர், திருப்பருத்திக்குன்றம், சற்றுத் தொலைவு போக இயன்றவர்க்குச் சித்தன்னவாசல் என்று நம் குடும்பங்களின் கோடைச் செலவுகள் ஏறக்குறைய ஒரே தடத்தில் அமைந்தவை.

இத்தகைய செலவுகளை விரும்பாத பெரியவர்களும் என் இளமையில் இருந்தனர். சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தழைகளை ஒடித்தல் ஆகியவற்றோடு, பயனின்றித் தானும் திரிந்து பிறரையும் திரியச் செய்தலையும் சேர்த்துப் பிரமாத சரியை என்று கூறுகின்றார். அந்நூலைத் தழுவியெழுந்த அருங்கலச்செப்பைப் பயின்ற இல்லங்களில் இக்கருத்து அனைவரும் அறிந்ததே. குழந்தைகளோ மலையடிவாரத்தில் இறங்கியவுடன் மண்ணைத் தோண்டுகின்றன, தண்ணீரை இறைக்கின்றன, தழையை ஒடிக்கின்றன, ஓடித் திரிகின்றன. ஆசாரியர் வரிசைப்படுத்தியவை அனைத்தையும் கால் நாழிகையில் செய்து முடித்துவிடுகின்றன என்று எங்கள் உறவினர் ஒருவர் நகைப்பதுண்டு. எனக்கு அவருடைய கட்சி உடன்பாடன்று. மண்ணைத் தொட்டறியாத குழந்தைக்கு மண்ணிலும் உயிருண்டு என்பதை எங்ஙனம் கற்பிப்பது?

ஆயினும் 'பிரமாதம்' என்னும் அந்தச் சொல் மட்டும் நெடுங்காலமாக என்னை விடவில்லை. இன்று நாம் விருந்தைப் புகழ்வதற்கு வழங்கும் சொல் அது. ஆசாரியர்கள் கொண்ட பொருளோ மடிமை, மறதி, விழிப்பின்மை என்பதாகும். 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால், நான் ஏன் இச்சொல்லைச் சுமந்து திரிகின்றேன் என்பது விளங்கும்.

அப்பொழுது என் மகளுக்கு ஆறு வயது. மகனுக்குப் பதினொரு மாதம். சென்னையிலிருந்து வந்தவாசி வட்டத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தோம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடைதோறும் பேரப்பிள்ளைகளை நடுக்கட்டின் நிலைப்படியில் முதுகு ஒட்ட நிற்கவைத்து, என் அன்னையார் கரியால் கோடிட்டு உயரத்தைக் குறிப்பார். கோட்டின் பக்கத்தில் ஆண்டு எழுதுவது என் வேலை. என் சிறுவயதுக் கோடுகளும் அந்த நிலையில் மங்கலாக இருந்தன. மகள் அவ்வாண்டு நான்கு விரற்கடை உயர்ந்திருந்தாள். அதில் அவளுக்குப் பெருமிதம். அவளைக் காட்டிலும் எங்களுக்கே பெருமிதம் மிகுதி.

முதல் நாள் அன்னையாரையும் அழைத்துக்கொண்டு பொன்னூர் மலைக்குச் சென்றோம். குந்தகுந்தாசாரியரின் திருவடிகளை வணங்கி அமர்ந்திருந்தபோது, மகள் தன் ஆயாவின் மடியில் சாய்ந்தவாறு, "ஆயா, பொழுது போன பின் நீங்கள் ஏன் சாப்பிடுவதில்லை?" என்று வினவினாள். அன்னையார் நீண்ட விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "இருட்டில் சின்னஞ்சிறு பூச்சிகள் விளக்கைத் தேடி வரும். சோற்றில் விழுந்தால் நமக்குத் தெரியாது. அவை சாகும்" என்றார். மகள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தாள். பின்னர், "மறுபடி சென்னைக்குப் போகும் வரைக்கும் நானும் சாப்பிட மாட்டேன்" என்றாள்.

யாரும் அவளைத் தூண்டவில்லை. காலவரையறையோடு கூடியதை நியமம் என்றும், வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பதை யமம் என்றும் நம் நூல்கள் பிரித்துரைக்கின்றன. அதனை அறியாமலேயே அக்குழந்தை தனக்கு எல்லை வகுத்துக்கொண்டு ஒரு நியமத்தை ஏற்றது. அன்று மாலை அவள் ஐந்தரை மணிக்கே உண்டு முடித்தாள். இரவு எட்டு மணிக்கு மற்றப் பிள்ளைகள் உண்ண அமர்ந்தபோது ஆயாவின் அருகில் திண்ணையில் கைகட்டி அமர்ந்திருந்தாள். நாங்களோ தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் இதனைச் சொல்லி மகிழ்ந்தோம். இப்பொழுது எண்ணினால் அந்த மகிழ்ச்சியே எனக்கு உறுத்தலாக இருக்கின்றது. அவள் ஏற்றதை ஒரே மாலையில் எங்கள் அணிகலனாக்கிக் கொண்டோம்.

மறுநாள் திருமலை. முழங்கால் வலியால் அன்னையார் வரவில்லை. ஆரணி வழியாக வடமாதிமங்கலம் சென்று, அங்கிருந்து மலையை அடைந்தோம். இன்று அங்குள்ள அரகந்தகிரி மடம் அப்பொழுது இல்லை. அது 1998இல் நிறுவப்பெற்றது. இராசராசனின் தமக்கை குந்தவையார் பெயரால் விளங்கும் சினாலயத்தையும், குகையின் உள்ளே வட்டமாகத் தீட்டப்பெற்ற சமவசரண ஓவியத்தையும், பாறையில் சுமார் 16 அடி உயரத்தில் நிற்கும் நேமிநாதரையும் பிள்ளைகளுக்குக் காட்டினோம். நேமிநாதரின் முன் நின்ற மகள், "இவருக்குக் கோடு போட நிலைப்படி போதாது" என்றாள். பின்னர் வெயில் தணிந்ததும் மலைமேல் ஏறிப் பார்சுவநாதரை வணங்கி இறங்கினோம். ஆறு வயதுக் கால்கள் எவரும் தூக்காமல் ஏறி இறங்கின.

அன்று வேறொன்றும் நிகழ்ந்தது. கீழே சினாலயத்தின் கருங்கல் தளத்தில் மகனை இறக்கிவிட்டிருந்தோம். தூணைப் பற்றி நின்றவன் கையை விட்டுவிட்டு இரண்டு அடி நடந்து அமர்ந்தான். வாழ்வில் அவன் எடுத்து வைத்த முதல் இரண்டு அடிகள் அவை. என் மனைவி கண்கலங்கினாள். நான் உறவினரின் நிழற்படக் கருவியை வாங்கி, அவனை மறுபடி நிறுத்தி, மறுபடி நடக்கவைத்துப் படமெடுத்தேன். அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கின்றது.

திரும்பும்போது ஐந்து மணிக்குள் ஆரணியை அடைந்து, பேருந்து நிலையத்தில் அமர்ந்து, கொண்டுவந்த தயிர்ச்சோற்றைப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. பேருந்து தாமதமாக வந்தது. வந்ததும் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்றார்கள். அந்தப் பத்து நிமிடம் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்துகொண்டே போயிற்று. மகள் மலை ஏறிய களைப்பில் தாயின் தோளில் உறங்கிவிட்டாள். மணி ஐந்தரை ஆனது எனக்குத் தெரியும். ஆறு ஆனதும் தெரியும். சூரியன் மறைவதற்கு இரண்டு நாழிகை முன்பே உண்டு முடிக்கவேண்டும் என்ற முறையை நான் சிறுவயதிலேயே அறிந்தவன். எழுப்பி ஊட்டியிருக்கலாம். எழுப்பினால் சிணுங்குவாள், உறங்கட்டும், எப்படியும் ஊருக்குப் போய்விடுவோம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இதுதான் பிரமாதம் என்க. அதற்குப் பின் நிகழ்ந்தது எல்லாம் இதன் கிளையே.

அவள் கண்விழித்தபோது இருட்டிவிட்டது. மேற்கே சவ்வாது மலைத்தொடரின் விளிம்பில் மட்டும் செம்மை சிறிது எஞ்சியிருந்தது. பசி என்றாள். தாய் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். மகள் வெளியே பார்த்தாள், "பொழுது போய்விட்டதே" என்றாள், வாயை மூடிக்கொண்டாள். கண்களில் நீர் வழிந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. தாய் கெஞ்சினாள். சாலையோரப் புளியமரத்தடியில் நின்ற பயணிகள் எங்களைப் பார்த்தனர். "குழந்தையைப் பட்டினி போடுகிறார்களே" என்று ஒரு மூதாட்டி உரக்கவே சொன்னார். நான் மகளைத் தூக்கி மேற்குப் பக்கம் திருப்பி, "அதோ பார், வெளிச்சம் தெரிகிறது அல்லவா? சூரியன் இன்னும் மறையவில்லை. மலை மறைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பின்னர் உண்டாள். ஐந்தாறு கவளம் உண்ட பிறகு, அண்ணாந்து பார்த்து, "அப்பா, சூரியன் இருக்கும்போதே நட்சத்திரம் வருமா?" என்று கேட்டாள்.

நான் விடை சொல்லவில்லை. அவள் அதற்குமேல் உண்ணவில்லை.

வீடு வந்து சேர இரவு ஒன்பது ஆயிற்று. அன்னையார் திண்ணையில் காத்திருந்தார். மகள் நேரே அவரிடம் சென்று, "ஆயா, நான் இருட்டில் சாப்பிட்டுவிட்டேன்" என்றாள். "யாரம்மா ஊட்டியது?" என்று அவர் கேட்டார். "யாரும் இல்லை. நானாகவே சாப்பிட்டேன்" என்றாள் குழந்தை. நான் அருகில்தான் நின்றிருந்தேன்.

அந்த இரவு முழுதும் நான் எனக்காக வழக்காடினேன். இன்றுவரை அவ்வழக்கு முற்றிலும் தீர்ந்தபாடில்லை. என் பக்கத்து நியாயங்களை மறைக்காமல் எழுதுகின்றேன்.

முதலாவது, அது விரதமே அன்று. எட்டு வயது நிரம்பாத குழந்தைக்கு விரதம் ஏற்கும் தகுதி இல்லை என்பது நம் நூல் மரபு. பொருளுணர்ந்து ஏற்பதுதான் விரதம். விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லை மீறியதற்கு யாரும் பிராயச்சித்தம் விதிப்பதில்லை. இரண்டாவது, உண்மையே ஆயினும் பிறர்க்குத் துன்பம் தருமாயின் அதனைச் சொல்லலாகாது என்று வாய்மை அணுவிரதத்தை விளக்கும் இடத்தில் சமந்தபத்திரரே கூறியிருக்கின்றார். பசித்த குழந்தையின் முன் உண்மையைச் சொல்லி அதனைப் பட்டினியில் விடுவது எந்த அறம்? மூன்றாவது, அகிம்சையே பரம தருமம். ஆறு வயதுப் பசியைத் தணிப்பதினும் பெரிய அகிம்சை யாது?

மூன்றும் வலுவானவையே. முதலாவதை நான் இன்றும் ஏற்கின்றேன். விரதம் ஆகாது என்பது உண்மை. ஆனால் அவள் ஏற்றது விரதம் ஆகாவிடினும், நான் கூறியது பொய் ஆகாமல் போய்விடுமோ? எட்டு வயது என்னும் வரம்பு விரதம் ஏற்பவர்க்கு உரியது. பொய் சொல்வோர்க்கு, கேட்பவர் வயது சிறிது என்று எந்த நூலும் விலக்களிக்கவில்லை.

இரண்டாவதுதான் என்னை நெடுநாள் காத்தது. வேடன் கேட்கும்போது மான் சென்ற வழியைச் சொல்லலாமா என்பது போன்ற இக்கட்டுக்கு உரிய விதி அது. அன்று புளியமரத்தடியில் உண்மையால் யாருக்கு என்ன ஆபத்து நேர்ந்திருக்கும்? "பொழுது போய்விட்டது அம்மா. ஆயினும் நீ சிறுகுழந்தை. பசியோடு இருக்கவேண்டாம். தவறு எங்களுடையது, நாங்கள் உன்னை எழுப்பவில்லை. இன்று சாப்பிடு, நாளை மறுபடி தொடங்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். அவள் மறுத்திருப்பாள். கால் மணி நேரம் அழுதிருப்பாள். அந்த மூதாட்டி இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார். இவ்வளவுதான் ஆபத்து. நான் காத்துக்கொண்டது குழந்தையின் வயிற்றை அன்று, பயணிகள் முன் என் மானத்தையும் என் களைப்பையும்.

மூன்றாவது நியாயத்திற்கு அமிர்தசந்திராசாரியரின் புருஷார்த்த சித்தியுபாயம் விடை தருகின்றது. பொய், களவு முதலிய யாவும் உண்மையில் இம்சையே என்றும், மாணாக்கர்க்கு விளங்கும் பொருட்டே அவை வெவ்வேறு பெயரால் கூறப்பெற்றன என்றும் அவர் கூறுகின்றார். பசி போக்கியது அகிம்சை எனின், அதே கையால் ஒரு குழந்தையின் நம்பிக்கையைக் கீறியதற்கு என்ன பெயர்? தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் விரதிக்கு இலக்கணம் கூறுமிடத்து, மனத்தில் முள் தைக்காதவனே விரதி என்கின்றது. மாயை, மித்தியை, நிதானம் என முட்கள் மூன்று. மாயையாவது வஞ்சனை. என் மகள் தன்னளவில் முள்ளின்றியே ஏற்றாள். முள்ளைத் தைத்தவன் நான். தைத்த முள் அன்றிரவே வேலை செய்தது. தந்தையைக் காட்டிக் கொடுக்க மனமின்றித் தன் ஆயாவிடம் அவள் சொன்னதுதான், எனக்குத் தெரிந்தவரை, அவள் வாழ்வில் தெரிந்தே சொன்ன முதல் பொய்.

யசோதர காவியம் நம் இல்லங்களில் வாசிக்கப்பெறும் நூல். தீக்கனாக் கண்ட மகனுக்குத் தீங்கு வராதிருக்கத் தேவிக்குப் பலியிடச் சொல்கின்றாள் தாய் சந்திரமதி. மகன் உயிர்க்கொலைக்கு உடன்படவில்லை. அவ்வாறாயின் மாவினால் செய்த கோழியையாவது பலியிடு என்கின்றாள். அவன் இணங்குகின்றான். மாக்கோழிதானே என்று எண்ணியவர்கள் மறுபிறப்பில் மயிலும் நாயுமாகப் பிறந்து, பிறவிதோறும் அல்லலுறுகின்றனர். அக்கதையை எண்ணங்களின் பயனை உணர்த்தும் கதையாகவே நான் கேட்டு வந்தேன். 1996க்குப் பின் வேறொன்றும் கண்ணில் பட்டது. அங்கே தவறு தொடங்கும் இடம் பகைமை அன்று, ஒரு தாயின் அன்பு. மகன் ஒரு கொள்கையில் நிற்கின்றான். அவன் நன்மைக்காகவே, கொள்கை உடைந்தது போலத் தோன்றாதபடி அதனை உடைக்க ஒரு வழியைத் தாய் கண்டுபிடித்துக் கொடுக்கின்றாள். மலைக்குப் பின்னால் நான் காட்டிய சூரியனும் மாவினால் செய்தது.

இதனால் குழந்தைகளின் நோன்பை எந்த விலை கொடுத்தும் காக்கவேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. 2016ஆம் ஆண்டு ஐதராபாத்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி 68 நாள் உண்ணா நோன்பிருந்து, அது முடிந்த சில நாள்களில் உயிர் நீத்த செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. அக்குடும்பத்தின் துயரத்தின்மேல் தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. ஆனால் பிள்ளைகளின் உபவாசத்தை மேடையேற்றி, மாலையிட்டு, படமெடுத்துக் கொண்டாடும் வழக்கத்தை நான் வெறுக்கின்றேன் என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றேன். பொன்னூரிலிருந்து திரும்பிய மாலை நாங்கள் தெருவெல்லாம் சொல்லித் திரிந்ததும் அதன் சிறு வடிவமே. முதல் நாள் அவளுடைய சொல்லை எங்கள் பெருமைக்குப் பயன்படுத்தினோம். மறுநாள் அது எங்களுக்கு இடையூறானதும் உடைத்தோம். இரண்டு நாளும் அது அவளுடையது என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை.

பல் முளைப்பதும் நடை பழகுவதும் உயரம் கூடுவதும் உடலின் காரியங்கள். நாம் உறங்கினாலும் அவை நிகழும். அவற்றுக்குத் தேதியிட்டுக் கோடு கிழித்து வைக்கின்றோம். தன் பசியைப் பார்த்து ஒரு குழந்தை முதன்முதலாக 'வேண்டாம்' என்று சொல்லும் நாள் எந்த நிலைப்படியிலும் ஏறுவதில்லை. திருமலையில் அந்த ஒரே நாளில் மகனும் தன் கால்களால் நின்றான், மகளும் நின்றாள். ஒருவன் நின்றதை மட்டுமே நான் படமெடுத்தேன்.

அன்னையாரிடம் மறுநாள் காலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முன்னமே ஊகித்திருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இரவில் நீரும் பருகாத அவர் நான் ஊட்டியதைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். "ஊட்டியது தப்பில்லை. நான் அங்கே இருந்தாலும் ஊட்டியிருப்பேன். பொழுது போய்விட்டது, ஆனாலும் சாப்பிடு என்று சொல்லி ஊட்டியிருப்பேன். நீ ஏனப்பா குழந்தையின் கண்ணைக் கட்டினாய்?" என்றார். பின்னர், "அவளிடம் போய்ச் சொல்" என்றார். சொன்னேன். கிணற்றடியில் பாத்திரம் வைத்து விளையாடிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்து, "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தாள். அன்று மாலை ஐந்தரைக்கு அவளே வந்து தட்டை எடுத்து வைத்தாள். சென்னைக்குத் திரும்பும் நாள்வரை நியமம் குறையின்றி நடந்தது.

அன்னையார் இன்று இல்லை. வீட்டை இடித்துக் கட்டியபோது அந்த நிலையை மட்டும் புது வீட்டில் பொருத்திக்கொண்டோம். இந்தக் கோடையில் மகள் தன் ஐந்து வயது மகனோடு வந்திருந்தாள். திருமலைக்கு மகிழுந்தில் சென்றோம். நேமிநாதரின் முன் நின்றபோது, அந்தப் பேருந்து நின்ற மாலை நினைவிருக்கின்றதா என்று அவளிடம் கேட்டேன். நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்வாள் என்று எண்ணினேன். அது அவளுக்கு நினைவில்லை. "நீங்கள் பயந்திருந்தீர்கள் அப்பா. அதுதான் நினைவிருக்கிறது. உங்கள் கை நடுங்கியது. அதனால்தான் நான் சாப்பிட்டேன்" என்றாள்.

அப்படியானால் சூரியனைப் பற்றி நான் கூறியதை அவள் அன்று நம்பவே இல்லை. முப்பது ஆண்டளவாக நான் நடத்திவந்த வழக்கின் அடிப்படையே மாறிப்போயிற்று. யார் யாருக்கு இரங்கினார் என்பது இப்பொழுது எனக்குத் தெளிவாக இல்லை.

திரும்புகையில் ஆரணிக்கு அருகில் வாகன நெரிசல். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையிலிருந்த பேரன் சாளரத்தின் வழியே பார்த்துவிட்டு, "தாத்தா, சூரியன் போய்விட்டதா?" என்று கேட்டான். அவனுக்கு நியமம் எதுவும் கிடையாது. சும்மா கேட்டான். ஆயினும் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"போய்விட்டது" என்றேன்.

அவன் சிறிது எண்ணிப் பார்த்து, "சரி, பிஸ்கட் கொடுங்கள்" என்றான். கொடுத்தோம்.